சப்கிளாஸ்: சேய் வகுப்பு

கணினி நிரல் எழுதுகிறவர்கள் நாள் முழுக்கப் புழங்கும் சொல் இது. ஒரு வகைப் பொருள் எப்படி இருக்கும், என்ன செய்யும் என்று நிரலில் எழுதி வைக்கும் வரையறைதான் கிளாஸ். ஏற்கெனவே உள்ள கிளாஸின் இயல்புகளை எடுத்துக்கொண்டு, நமக்கு வேண்டியதையும் சேர்த்து அமைக்கும் புதிய கிளாஸ்தான் சப்கிளாஸ்.

கிளாஸின் வேர் லத்தீன் 'கிளாசிஸ்'. ரோமக் குடிமக்களைச் சொத்தளவுப்படி பிரித்த பிரிவு அது. 'சப்' என்றால் கீழ். நார்வேயில் ஓலே யோஹான் டாலும் கிரிஸ்டன் நைகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழி வழியாக இது நிரலாக்கத்துக்கு வந்தது. தமிழில் 'வகு' என்ற வினையிலிருந்து வகுப்பு. அதுவும் பிரிவுதான், அழகாகப் பொருந்துகிறது.

'சப்' என்பதைத்தான் நாம் சரியாகப் பிடிக்கவில்லை. 'துணை வகுப்பு' என்று எழுதுகிறார்கள். துணை என்றதும் உதவிக்கு நிற்பது என்றே மனசில் படுகிறது. பெற்றதை வைத்துத் தன் காலில் நிற்பதற்குச் 'சேய் வகுப்பு' என்பதே எனக்குப் பிடித்த சொல். மூலம் தாய் வகுப்பு.

ஆனால் பைத்தான் என்ற நிரல்மொழியின் சரத்தை, அதாவது எழுத்துகளைக் கோத்து வைக்கும் ஸ்ட்ரிங்கை, தாயாக வைத்தால் சேய் கொஞ்ச நேரம்தான் சேயாக இருக்கும். 'மதுரை' என்ற சரத்தின் நீளம் கேட்டால் பைத்தான் 5 என்கிறது. உயிர்மெய்க் குறிகளையும் தனியாக எண்ணுகிறது. நமக்கு வேண்டியது 3. சரி, சேய் வகுப்பு ஒன்று அமைத்து, நீளம் கேட்டால் எழுத்தை எண்ணும்படி மாற்றுகிறோம். 3 வருகிறது. அப்புறம் அதோடு 'க்கு' சேர்த்து 'மதுரைக்கு' ஆக்கி, மறுபடி எண்ணிப் பாருங்கள். 5 வர வேண்டும், வருவது 9. ஒட்டியதும் பிறந்தது வெறும் தாய்ச்சரம். வெட்டினாலும், ஓரத்து இடைவெளியை நீக்கினாலும் இதே கதிதான். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

காரணம் உண்டு. சேயை உருவாக்க என்னென்ன தகவல் தர வேண்டும் என்பது தாய்க்குத் தெரியாது. அதனால் தனக்குத் தெரிந்த சாதாரணச் சரத்தையே தருகிறது. இடைவெளி நிரப்பி நெடுவரிசை அமைக்கும்போதும் நாம் மாற்றிய எண்ணிக்கையைக் கேட்காமல், உள்ளே வைத்திருக்கும் பழைய நீளத்தையே பார்க்கிறது.

பைத்தானிலேயே இருக்கும், சரம் போல நடந்துகொள்ளும் 'யூசர்ஸ்ட்ரிங்' என்ற வகையைத் தாயாக்கினால் ஒட்டியதும் வெட்டியதும் சேயாகவே இருக்கும். ஆனால் அது உண்மையான சரம் இல்லை. பல சரங்களை ஒன்றாகக் கோக்கும் 'ஜாயின்' போன்ற இடங்களில் பைத்தான் அதை ஏற்காது. எழுத்தெண்ணுவது மட்டும்தான் தேவை என்றால், சேய் வகுப்பே வேண்டாம், அந்த வேலையை மட்டும் செய்யும் சிறு நிரல்பகுதியாக, தனியாக ஒரு ஃபங்ஷன் எழுதிக்கொள்ளுங்கள்.