ஆர்க்கிட் இலை சுருங்குகிறதா? முதலில் வேரைப் பாருங்கள்

வாடிய ஆர்க்கிட்டை என்னிடம் தூக்கிக்கொண்டு வருபவர்களில் பாதிப் பேர் ஒன்றையேதான் சொல்கிறார்கள்: "தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன், அப்படியும் இப்படி ஆகிவிட்டது." அந்த 'தினமும்' தான் காரணம் என்று சொல்ல எனக்கு இன்றும் சங்கடமாக இருக்கிறது. பாசத்தோடு வளர்த்தவர்கள் அவர்கள்.

சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா பெலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகைச் செடி ஒன்றைக் கொண்டுவந்தார். இலைகள் தொளதொளவென்று தொங்கி, வரிவரியாகச் சுருங்கியிருந்தன. "தண்ணி பத்தலையோன்னு ரெண்டு வேளையும் ஊத்தினேன்பா" என்றார். தொட்டியிலிருந்து செடியை எடுத்தேன். மேலே, மண்ணுக்குப் பதிலாக இட்டிருந்த மரப்பட்டை காய்ந்துதான் கிடந்தது. நடுவில், நர்சரியில் நாற்றாக இருந்தபோது சுற்றி வைத்த பாசி, உருண்டையாக அப்படியே இருந்தது. பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. ஒரு வேரைப் பிடித்து மெல்ல இழுத்தேன். பழுப்புத் தோல் உறைபோலக் கழன்று கையோடு வந்துவிட, உள்ளே நூல்போல ஒரு நரம்பு மட்டும் மிஞ்சியது. அந்த அம்மா பேசவே இல்லை.

நாம் வீட்டில் வளர்க்கும் ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை காட்டில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழ்பவை. மண்ணே தொடாதவை. மழை நனைக்கும், காற்று உடனே உலர்த்திவிடும். அதற்கேற்ப வேரின்மேல் வெலமன் என்ற பஞ்சு போன்ற உறை உண்டு. காய்ந்திருந்தால் வெள்ளி நிறம், நனைந்ததும் பச்சை. காற்றோட்டமில்லாத ஈரத்திலேயே கிடந்தால் வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது, அதனால் இலை சுருங்கும். பார்க்கிறவர் தாகம் என்று நினைத்து மறுபடி ஊற்றுவார்.

ஆகவே கிழமை பார்த்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். தொட்டி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்காக இருந்தால் வேலை எளிது: வேர்கள் வெள்ளியாகத் தெரிந்த பிறகே ஊற்றுங்கள். காலையில் நன்றாக நனையும்படி ஊற்றி முழுவதும் வடியவிடுங்கள். அடித்தட்டில் தேங்கவே கூடாது. இலைகள் சேரும் நடுக்குருத்தில் நீர் நின்றால் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்துவிடுங்கள். குருத்து அழுகினால் பெலனாப்சிஸைக் காப்பாற்றுவது மிகக் கடினம். வாண்டா என்ற ஆர்க்கிட் வகை இதற்கு விதிவிலக்கு. வேர்கள் அந்தரத்தில் தொங்கும் அந்தச் செடிக்கு வெயில் காலத்தில் தினமும் தண்ணீர் தேவைப்படும்.

வெளிச்சத்துக்கு இலையே சாட்சி. கரும்பச்சை என்றால் போதவில்லை, இளம்பச்சை சரி, சிவப்பேறினால் அதிகம். நண்பகல் வெயில் நேரடியாகப் படக் கூடாது. உரம், பாக்கெட்டில் சொன்ன அளவில் கால் பங்கு போதும்.

'ஒரு முறை பூத்ததோடு சரி' என்ற புகாருக்குப் பெரும்பாலும் வெப்பம்தான் காரணம். பெலனாப்சிஸ் பூந்தண்டு விடச் சில வாரங்கள் இதமான குளிர்ச்சி வேண்டும். 28 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே வெப்பம் நீடித்தால் இலை விட்டுக்கொண்டே இருக்கும், தண்டு விடாது. பூ உதிர்ந்ததும் செடியே முடிந்துவிட்டதென்று குப்பையில் போடுகிறார்களே, அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்காது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். காட்டிலிருந்து பறித்த ஆர்க்கிட்டை வாங்காதீர்கள். தூசு போன்ற அதன் விதையில் உணவுச் சேமிப்பு கிடையாது. இயற்கையில் ஒரு பூஞ்சை துணை வந்தால்தான் முளைக்கும், முளைத்தாலும் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆய்வகத்தில் திசு வளர்ப்பில் உருவான செடிகளே இன்று தாராளமாகக் கிடைக்கின்றன.

அந்த அம்மாவின் செடிக்கு வருகிறேன். கத்தரியை நெருப்பில் காட்டினேன், ஒரு செடியின் வைரஸ் வெட்டுக் கருவி வழியாகவும் அடுத்ததற்குத் தாவும். அழுகியதையெல்லாம் நறுக்கினேன். அழுத்தினால் கெட்டியாக இருந்த வேர்கள் மூன்றுதான், நிறம் மங்கியிருந்தாலும் அவற்றைத் தொடவில்லை. பாசியை முழுக்க நீக்கி, புது மரப்பட்டையும் கரித்துண்டும் போட்டு, முன்பைவிடச் சிறிய தொட்டியில் வைத்தேன். வெட்டுக்காயம் உலர நான்கு நாள் தண்ணீர் இல்லை. புது வேர் வரும்வரை உரமும் இல்லை. பதினோராம் வாரம் அந்த அம்மா போனில் ஒரு படம் அனுப்பினார். அடி இலைக்குக் கீழே, அரிசி முனையளவு பச்சையாக ஒரு வேர்நுனி எட்டிப் பார்த்தது.