துரத்துகிற வெளிச்சம்

ஞாயிறு இரவு சேலம் அஸ்தம்பட்டியில் அக்கா வீட்டில் 1977-இல் வந்த ‘தி கார்’ படம் பார்த்தோம். ஓட்டுநரே இல்லாத கறுப்புக் கார் ஒன்று பாலைவனச் சாலையில் ஆட்களை அடித்துக் கொல்லும், அமெரிக்காவின் யூட்டாவில் எடுத்த படம். நான் கிளம்பும்போது அக்கா மகன் வாசல்வரை வந்து மெதுவாகக் கேட்டான்: “மாமா, நெஜமாவே ரோட்டுல அந்த மாதிரி துரத்துமா?”

துரத்துவதாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மேற்குக் குயின்ஸ்லாந்தில் அதற்குப் பெயரே உண்டு, மின் மின் வெளிச்சம். ஆளரவமற்ற சாலையில் தரைக்கு மேலே மிதக்கும், வண்டியை விரட்டினால் கூடவே வரும், நின்றால் நிற்கும். நம் பாட்டிகளாக இருந்தால் கொள்ளிவாய்ப் பிசாசு என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள்.

நரம்பியல் விஞ்ஞானி ஜாக் பெட்டிக்ரூ அதை நேரிலேயே பார்த்தார். அப்புறம் 10 கிலோமீட்டர் தள்ளி ஒரு காரை நிறுத்தி ஹெட்லைட்டைப் போடச் சொல்லி, அதே பிசாசை வரவழைத்தும் காட்டினார். 2003-இல் கட்டுரையாக வந்தது.

எப்படி? கானல் நீர் தெரியும்தானே, அதைத் தலைகீழாக்குங்கள். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை சீக்கிரம் சூட்டை இழக்கும், அதைத் தொட்டிருக்கும் காற்றும் குளிரும், ஆனால் மேலே உள்ள காற்று இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது, ஒளி அதில் துளியூண்டு மெதுவாகப் போகும். மாட்டு வண்டியின் ஒரு சக்கரம் சேற்றில் இறங்கினால் வண்டி அந்தப் பக்கமே திரும்பும் அல்லவா, அப்படித்தான் ஹெட்லைட் கதிரும் கீழ்நோக்கி வளைகிறது. கீழே பூமியும் வளைந்துகொண்டுதான் போகிறது. 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாகச் சூடு ஏறினால் போதும், இரண்டு வளைவும் ஒன்றாகிவிடும்! நின்று பார்க்கிற நமக்குத் தொடுவானம் நாலரை கிலோமீட்டர் தூரத்தில்தான். அதற்கும் அப்பால் பூமியின் வளைவுக்குள் ஒளிந்திருக்க வேண்டிய விளக்கின் வெளிச்சம் தரையைத் தழுவியபடியே வந்து கண்ணில் விழுகிறது. ஒளி நேராகத்தான் வந்திருக்கும் என்று கண் நம்புவதால் விளக்கை மேலே தூக்கி மிதக்கவிடுகிறது.

கூடவே வருவது நிலா பஸ்ஸோடு வருகிற அதே கதை. அவ்வளவு தூரம்.

குளிர்ந்த காற்றின் மேல் மூடிபோல் நிற்கும் அந்த வெதுவெதுப்பான காற்றின் வேலையை நம்மூரிலும் பார்க்கலாம். மார்கழிக் காலையில் ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் நின்று சேலத்தைப் பாருங்கள். அடுப்புப் புகை நேராக ஏறி, ஒரு மட்டம் வந்ததும் தலையில் தட்டியதுபோல் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும். ஆனால் சுற்றிலும் கஞ்சமலை, ஜருகுமலை, நகரமலை என்று மறைப்பதால் மிதக்கும் ஹெட்லைட்டுக்கு இங்கே வழியில்லை, அதற்குப் பல கிலோமீட்டர் சமதரை வேண்டும்.

பெட்டிக்ரூவுக்குத் தேவைப்பட்டது ஒரு காரும் பொறுமையும்தான். நம் கல்லூரிகளிலோ ப்ராஜெக்ட் என்றால் கடையில் வாங்கிய கிட், புது வண்டி என்றால் டயருக்கடியில் எலுமிச்சம்பழம். எனக்கு இரண்டும் ஒரே ரகமாகத்தான் தெரிகிறது.

சித்திரை வெயிலில் மேட்டூர் அணைத் தண்ணீரைவிட மேலே காற்று சூடாக இருக்கும்போது பெட்டிக்ரூவின் விளக்குச் சோதனையைச் செய்து பார்க்க எனக்கு ரொம்ப நாள் ஆசை. எதிர்க்கரையில் விளக்கோடு நிற்க ஓர் ஆள் வேண்டும். அக்கா மகனைக் கேட்டேன், வரமாட்டானாம்.