மீட்டர் காட்டியது 5, பேட்டரி சொன்னது 330

இந்த மாதத்தில் இது மூன்றாவது. காட்பாடியில் என் பட்டறைக்கு இரண்டு மாணவர்கள் வந்தார்கள், கையில் செத்துப்போன சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரியோடு. அணைக்கட்டு பக்கம் ஒரு தென்னந்தோப்பில், தொட்டியின் நீர்மட்டத்தை அனுப்பும் கருவி. ‘ஐந்து வருடம் தாங்கும்’ என்று போஸ்டர்கூட அடித்துவிட்டார்கள். தாங்கியது 28 நாள்.

“கருவி இழுக்குற கரண்ட் மீட்டர்ல 5 மைக்ரோ ஆம்பியர்தான் சார் காட்டுச்சு.”

காட்டியிருக்கும். பேட்டரியில் இருப்பது சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. 5 மைக்ரோவால் வகுத்தால் 44,000 மணி நேரம், ஐந்து வருடம். கணக்கில் தப்பில்லை தம்பி. அதே 220ஐ 28 நாளால், அதாவது 672 மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். சராசரி 330 மைக்ரோ ஆம்பியர் வருகிறது. செத்த பேட்டரியைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

“அம்மீட்டர் வெறும் ஒயர் மாதிரிதானே சார்?” இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைத்துவிட்டது. இல்லை ஐயா, இல்லை! ஒயர் மாதிரி இருக்கும் அம்மீட்டர் பாடப்புத்தகத்தில் மட்டும்தான் உண்டு. மைக்ரோ ஆம்பியர் ரேஞ்சில் பல மீட்டர்களுக்குள் 100 ஓம் அளவில் தடை உட்கார்ந்திருக்கிறது. 5 மைக்ரோ ஓடும்போது அதில் அரை மில்லிவோல்ட்தான் விழும், தெரியவே தெரியாது. ஆனால் கருவியில் தகவலை அனுப்பும் என்ஆர்எஃப்24எல்01 என்ற ரேடியோ சிப் முழுச் சக்தியில் அனுப்பும்போது 11.3 மில்லி ஆம்பியர் இழுக்கும். 100 ஓமில் அது 1.13 வோல்ட். 3 வோல்ட்டில் 1.87தான் மிச்சம். அந்தச் சிப்புக்குக் குறைந்தது 1.9 வேண்டும். கருவியை இயக்கும் கன்ட்ரோலர் சிப் இழுப்பதை இன்னும் சேர்க்கவே இல்லை. அளக்க வந்த படியே அரிசியைத் தின்றால் எப்படி அளப்பது?

மீட்டரோடு கருவி ஓடாததால் பையன்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ப்ரோக்ராமில் ரேடியோவுக்கான வரிகளை ஓடாமல் முடக்கிவிட்டு அளந்திருக்கிறார்கள். மின்சாரம் வந்ததும் அந்த ரேடியோ தூங்கும் நிலையில்தான் எழும், இழுப்பது 0.9 மைக்ரோ. அதனால் 5 வந்தது. நிஜத்தில் அனுப்பி முடித்த பிறகு ரேடியோவை விழிக்கவைக்கும் சிஇ என்ற பின்னை ‘ஹை’ நிலையிலேயே (வோல்ட்டேஜ் கொடுத்தபடியே) விட்டுவிட்டார்கள். அப்படி விட்டால் சும்மா இருப்பதற்கே 320 மைக்ரோ! ஒரே ஒரு வரியில் திருத்தம் முடிந்தது.

ரேஞ்ச் குமிழைத் திருப்பினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பல மீட்டர்களில் திருப்பும் நொடியில் இணைப்பு அறுந்து சர்க்யூட் ரீசெட் ஆகும். மீட்டருக்குக் குறுக்கே ஒரு சுவிட்ச் போட்டு ஆன் செய்து வையுங்கள், கருவி தூங்கிய பிறகு அதை ஆஃப் செய்யுங்கள். அதற்கும் முன்னால் மீட்டரின் ஃப்யூஸைப் பாருங்கள். என் மேசைக்கு வரும் மீட்டர்களில் ஃப்யூஸ் போனவைதான் அதிகம். சோதிக்க, 3 வோல்ட்டில் மீட்டரோடு வரிசையாக ஒரு மெகா ஓம் ரெசிஸ்டரை வைத்தால் 3 மைக்ரோ காட்ட வேண்டும்.

மீட்டரே வேண்டாம் என்றால் எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. பேட்டரிக்கு இணையாக 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரை மாட்டி, கருவி ஒருமுறை அனுப்பியதும் பேட்டரியைக் கழற்றுங்கள். 3 வோல்ட் 2.7 ஆக எவ்வளவு நேரம் ஆகிறது? 5 மைக்ரோ என்றால் ஒரு நிமிடம். அந்தப் பையன்களின் கருவியில் ஒரு நொடிகூட நிற்கவில்லை; முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கெப்பாசிட்டரே கொஞ்சம் கசியும், அதைத் தனியாக முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ப்ரோக்ராமர் கேபிளைப் பிடுங்கிவிட்டு அளங்கள், அதன் வழியாகவும் கரண்ட் உள்ளே வரும். போர்டில் சால்டரிங் செய்தபோது ஒட்டிய ஃப்ளக்ஸ் பிசினைக் கழுவுங்கள், தயவுசெய்து.

இன்னொன்று. சிப்பின் சிலிக்கானில் கசியும் கரண்ட், சூடு ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஏசி லேபில் அளந்ததோடு விடாமல், கத்திரி வெயிலில் மொட்டைமாடியில் பெட்டியை மூடி வைத்து மறுபடி ஒருமுறை அளந்து பாருங்கள். நம் ஊர் வேலூர் மட்டுமில்லை, வெயிலூரும்தான்.