நாடு கடத்தப்பட்டாரா, நாடிழந்தாரா?

போன மாதம் ஒரு திரையிடலுக்குப் போயிருந்தேன். வாசலில் கையில் திணித்த துண்டறிக்கையின் முதல் வரியே ‘நாடு கடத்தப்பட்ட இயக்குநர் மாக்ஸ் ஓஃப்யூல்ஸ்’ என்று தொடங்கியது. அறிமுகம் பேசியவர் அதையே இன்னும் மூன்று முறை சொன்னார். பக்கத்து இருக்கையில் இருந்த கல்லூரிப் பையன் குனிந்து, “யார் சார் கடத்துனது?” என்று கேட்டான். அப்போது சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், அவன் கேட்டதுதான் சரியான கேள்வி. யாருமே கடத்தவில்லை.

‘எக்ஸைல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத்தான் இந்தக் கதி. லத்தீனில் ‘எக்ஸிலியம்’, அங்கிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலம். வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும். நமக்கு முக்கியம், அது ஒரே சொல்லில் மூன்று பொருளைச் சுமக்கிறது என்பது: ஒருவரை நாட்டைவிட்டுத் துரத்தும் தண்டனை, சொந்த நாட்டுக்குப் போக முடியாமல் வெளியே இருக்கும் நிலை, அந்த நிலையில் இருக்கும் ஆள். தமிழில் இந்த மூன்றுக்கும் ஒரே சொல்லை ஒட்டவைக்க முடியாது. நம் மொழிபெயர்ப்பாளர்களோ அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இரண்டாவது பொருளைப் பார்க்க விரலை அரை அங்குலம் கீழே இறக்க வேண்டும், அதற்குத்தான் நேரமில்லை.

‘நாடு கடத்து’ என்பது பிறவினை. ‘கட’ தானே செய்வது. ‘கடத்து’ இன்னொருவரைச் செய்ய வைப்பது. நாடு கடத்தப்பட்டார் என்று எழுதினால் கடத்தியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். அரசன், நீதிமன்றம், போலீஸ், குடிவரவு அதிகாரி, யாரோ ஒருவர் உத்தரவு போட்டிருக்க வேண்டும். இத்தாலியக் கவிஞர் தாந்தேயை 1302இல் ஃபிளாரன்ஸ் நகரம் தீர்ப்பெழுதி வெளியேற்றியது. அவர் நாடு கடத்தப்பட்டவர், சந்தேகமே இல்லை. ராமனுக்கும் உத்தரவு உண்டு, கெடுவும் உண்டு. ஓஃப்யூல்ஸுக்கு என்ன உத்தரவு இருந்தது?

1902இல் ஜெர்மனியின் சார்ப்ரூக்கன் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இயற்பெயர் மாக்ஸிமிலியன் ஓப்பன்ஹைமர். நாடகத்துக்குப் போனபோது, துணி வியாபாரக் குடும்பத்தின் பெயர் கெடக் கூடாது என்று வேறு பெயர் வைத்துக்கொண்டார். நாடகத்திலிருந்து சினிமா. 1933இல், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த கையோடு, பெர்லினில் நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்ததும், இனி என்ன நடக்கும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. மனைவி, மகனுடன் பாரிஸுக்குப் போய்விட்டார். அவருடைய ‘லீபெலாய்’ படம் ஜெர்மனியில் ஓடியபோது டைட்டிலில் அவர் பெயர் இல்லை. எல்லையில் கொண்டுபோய் யாரும் இறக்கிவிடவில்லை. அவர் கடந்தார், கடத்தப்படவில்லை. ஒரு ‘த்’ கூடக் குறைய எழுதியதால் வந்த வித்தியாசம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஆபத்தை முன்கூட்டியே கண்டு முடிவெடுத்த மனிதரை, ஜீப்பில் ஏற்றி அனுப்பப்பட்ட கைதியாக்கிவிடுகிறது அந்த மொழிபெயர்ப்பு.

நம் ஊர் வழக்கையே பாருங்கள். பாரதி 1908இல் கைதுக்குத் தப்பிப் புதுச்சேரிக்குப் போனார், பத்து ஆண்டுகள் அங்கேயே இருந்தார். ‘பாரதி புதுச்சேரிக்கு நாடு கடத்தப்பட்டார்’ என்று யாராவது எழுதியிருக்கிறார்களா? பள்ளிக்கூடப் பிள்ளைகூட ‘தஞ்சம் புகுந்தார்’ என்றுதான் எழுதும். பாரதிக்குத் தெரிந்த தமிழ் ஓஃப்யூல்ஸுக்கு மட்டும் ஏன் மறந்துபோகிறது? ஆங்கிலத்தில் படித்துவிட்டு எழுதுவதால்தான்.

இதற்கு எதிராக ஒரு வலுவான சாட்சி உண்டு, மறைக்கக் கூடாது. ஜெர்மன் நாடகாசிரியரும் கவிஞருமான பிரெக்ட் இதே சண்டையைத் தன் மொழியில் போட்டார். எங்களைக் குடிபெயர்ந்தோர் என்று அழைப்பது தவறு, நாங்கள் விரும்பி வேறு நாடு தேடிப் போகவில்லை, விரட்டப்பட்டவர்கள், நாடு கடத்தப்பட்டவர்கள் என்ற பொருளில் ஒரு கவிதையே எழுதினார். பிரெக்டும் 1933இல் தானாகக் கிளம்பியவர்தான். ஆனால் 1935இல் நாஜி அரசு அவருடைய குடியுரிமையைப் பறித்தது. அவர் விஷயத்தில் அரசாங்கக் காகிதம் இருக்கிறது. அதோடு கவிஞன் கோபத்தில் தன்னைப் பற்றிச் சொல்லும் சொல் வேறு, துண்டறிக்கை எழுதுபவர் தகவலாகச் சொல்லும் சொல் வேறு. ‘விரட்டப்பட்டவர்’ என்று எழுதியிருந்தால்கூட நான் இந்தப் பேச்சை எடுத்திருக்க மாட்டேன்.

சரி, மற்ற சொற்கள்? ‘புலம்பெயர்ந்த இயக்குநர்’ என்பார்கள். அழகான பழைய சொல். பட்டினப்பாலையில் வருகிறது: ‘மொழிபல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்’. காவிரிப்பூம்பட்டினத்தில் பல மொழி பேசிக்கொண்டு ஒன்றாக, இனிதாக வாழ்ந்த வெளிநாட்டவர்கள் அவர்கள். அதில் அழுகை இல்லை, வியாபாரம்தான் இருக்கிறது. இன்றைக்கு ஈழத்திலிருந்து போரால் வெளியேறியவர், நியூஜெர்சியில் மென்பொருள் வேலை பார்ப்பவர், சென்னையில் கட்டட வேலைக்கு வந்த பீகார்க்காரர் எல்லாருமே புலம்பெயர்ந்தோர்தான். சொல் பெரிய சத்திரமாகிவிட்டது, யார் வேண்டுமானாலும் படுக்கலாம். ஓஃப்யூல்ஸின் சில ஆண்டுகளுக்கு இது பொருந்தும். 1934இல் இத்தாலிக்குப் போய் ‘லா சின்யோரா தி தூத்தி’ எடுத்தார், 1936இல் நெதர்லாந்தில் பணத்தைப் பற்றி ஒரு நையாண்டிப் படம். இவை கூப்பிட்ட இடத்துக்குப் போய்ச் செய்த வேலை. ஆனால் திரும்ப முடியாமை என்ற முள் இந்தச் சொல்லில் இல்லை.

‘அகதி’ வடமொழி: கதி இல்லாதவர். 1940இல் பிரான்ஸ் வீழ்ந்து, சுவிட்சர்லாந்துக்குப் போய், 1941இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த ஓஃப்யூல்ஸுக்கு இது அப்படியே பொருந்தும். அப்போது அவர் பிரெஞ்சுக் குடிமகன். 1938இலேயே குடியுரிமை வாங்கியிருந்தார். ஆக, இரண்டு நாட்டிலிருந்து ஓடியவர். தனித்தமிழ் அன்பர்கள் ‘ஏதிலி’ என்கிறார்கள். ‘ஏதிலார் குற்றம்போல் தங்குற்றம்’ என்று குறள் சொல்லும்போது ஏதிலார் என்றால் அயலார், நமக்குச் சம்பந்தமில்லாதவர். அடைக்கலம் தேடி வந்தவனைச் சம்பந்தமில்லாதவன் என்று கூப்பிடும் சொல் தூய்மையாக இருந்தென்ன? எனக்கு அகதியே போதும். கதியின்மை காதில் விழுகிறது.

‘நாடோடி இயக்குநர்’ என்றும் ஒருவர் எழுதினார். நாடு நாடாக ஓடியவர், பிரித்துப் பார்த்தால் பொருத்தம்தான். ஆனால் கேட்பவருக்குக் கூடாரமும் கழுதையும்தான் நினைவுக்கு வரும்.

ஹாலிவுட்டில் அவர் இயக்கிய முதல் படம் வெளிவர 1947 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தைப் பாட்டிமார் பாஷையில் சொன்னால் அஞ்ஞாதவாசம்: அவர் யார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. டைட்டிலில்கூட ‘ஓபுல்ஸ்’ என்றுதான் வந்தது, ஆய்தத்தைப் பிடுங்கிவிட்டார்கள். அந்தப் படத்தின் பெயரே ‘தி எக்ஸைல்’. இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ், பட்டமேறும் முன் ஹாலந்தில் மறைந்து வாழும் கதை. துண்டறிக்கையில் இதுவும் ‘நாடு கடத்தப்பட்டவன்’. சார்லஸ் 1651இல் போரில் தோற்று, மாறுவேடத்தில் தப்பி ஓடியவன்! அவன் கிடைத்திருந்தால் தலையை எடுத்திருப்பார்களே தவிர, கப்பலேற்றி அனுப்பியிருக்க மாட்டார்கள்.

நான் சொல்வது ‘நாடிழந்தவன்’. நளன் நாடிழந்தான் என்று நமக்குப் பழகிய சொல். அரசனுக்கு ஆட்சி போனதையும் சொல்லும், இயக்குநருக்கு ஊர் போனதையும் சொல்லும். யார் துரத்தினார், உத்தரவு உண்டா என்ற வம்பில்லை. நிலைக்கு ‘நாடிழப்பு’. உத்தரவு இருந்தால் மட்டும் நாடு கடத்தல். இதில் ஒரு குறை உண்டு: திரும்பிப் போகும் ஏக்கத்தோடு இருப்பவரையும், போனால் போகட்டும் என்று விட்டவரையும் இது பிரித்துக் காட்டாது. ஆங்கிலமும் காட்டுவதில்லை என்பதால் மன்னித்துவிடலாம்.

துண்டறிக்கையின் கடைசி வரியையும் சொல்லிவிடுகிறேன்: ‘1949க்குப் பின் தாயகம் திரும்பினார்’. அவர் திரும்பியது பாரிஸுக்கு. அங்கேதான் ‘லா ரோந்து’, ‘மதாம் தெ...’ எல்லாம் எடுத்தார். 1955இல் ‘லோலா மோன்தேஸ்’ படத்தைப் பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் என்று மூன்று மொழியில் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டார். 1957 மார்ச்சில் ஹாம்பர்கில் இறந்தார், அஸ்தி பாரிஸின் பெர் லாஷேஸ் கல்லறையில். தாயகம் என்று எதைச் சொன்னார்களோ என்று எரிச்சலோடு சார்ப்ரூக்கனைத் தேடிப் பார்த்தேன். அவர் சிறுவயதில் அது ஜெர்மனி. 1920இலிருந்து சர்வதேச சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) ஆட்சி. 1935இல் மறுபடி ஜெர்மனி. 1947இலிருந்து பிரான்ஸின் பாதுகாப்பில் தனிப் பகுதி. 1957 ஜனவரியில் மேற்கு ஜெர்மனியோடு சேர்ந்தது, அவர் சாவதற்கு மூன்று மாதம் முன்னால். தாயகமே அவரைவிட அதிகமாகப் பெயர்ந்திருக்கிறது. அந்த வரியை மட்டும் அடிக்காமல் விட்டுவிட்டேன்.