அலையின் முகட்டைச் சீவும் பெடல்

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ‘4148’ என்று கேட்டால், ஓரிரு ரூபாய்க்கு அரிசிமணி அளவில், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு சிலிக்கான் டயோடைக் கையில் வைப்பார்கள். கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் கால்மிதிப் பெட்டியான டிஸ்டார்ஷன் பெடல் உறுமுவது பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு ஜோடியால்தான்.

கிட்டாரின் பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) தரும் சிக்னல் சிறியது. பெடல் அதைப் பல மடங்கு பெருக்குகிறது. எதிரெதிர்த் திசையில் வைத்த இரண்டு டயோடுகளும் சுமார் 0.6 வோல்ட்டில் திறந்துகொள்ள, அதற்கு மேல் எழும் பகுதி கிரவுண்டுக்கு ஓடிவிடுகிறது. அலையின் முகடு தட்டையாகிறது. 110 ஹெர்ட்ஸ் சைன் அலையை மேலும் கீழும் ஒரே அளவில் சீவினால் 330, 550 என ஒற்றைப்படை மடங்குகள் புதிதாகச் சேரும். ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகச் சீவினால் 220, 440-உம் வரும்.

இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து வாசிக்கும்போதுதான் விஷயம் சூடு பிடிக்கிறது. ச 110, ப 165 என்றால், பெடலுக்குள் அவை மோதி 55 ஹெர்ட்ஸைப் பிறப்பிக்கும். அது கீழ் ஸ்தாயி சட்ஜம். யாரும் மீட்டாத மந்திர சட்ஜம் தானாக வந்து நிற்பதால்தான் ச-ப மட்டும் சேர்ந்த பவர் கார்டு அவ்வளவு கனமாகக் கேட்கிறது. அந்தர காந்தாரத்தைச் சேர்த்துப் பாருங்கள். தம்புராவுக்குள் கேட்கும் காந்தாரம் 137.5, கிட்டார் ஃபிரெட் தருவதோ 138.6. இந்தச் சிறு விலகலால், புதிதாகப் பிறக்கும் ஒலிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கலங்கிவிடுகின்றன. கெயின் (பெடல் பெருக்கும் அளவு) ஏற ஏறக் கலங்கலும் ஏறும். இப்படிக் காந்தாரமும் சேர்ந்த முழு கார்டுகள் வாசிப்பவர்கள் கெயினைக் குறைத்தே ஆக வேண்டும்.

1978-இல் வந்த பாஸ் டிஎஸ்-1 பெடலில் டயோடுகள் கிரவுண்டை நோக்கி இருக்கின்றன. வெட்டு கூர்மையாக விழும். ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமரில் அவை பெருக்கியின் வெளியீட்டை உள்ளீட்டுக்குத் திருப்பும் பின்னூட்டப் பாதைக்குள் உள்ளன. அலையின் மூலைகள் மழுங்கும். விரல் அழுத்தத்தின் ஏற்ற இறக்கம் ஓரளவு தப்பிப் பிழைக்கும். முதல் பெடலாக நான் இந்த வகையைத்தான் சொல்வேன்.

ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் வைத்த ஃபஸ் பெடல் (இன்னும் கரடுமுரடான டிஸ்டார்ஷன்) மேல் ஆசை இருந்தால் நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரின் கசிவு மின்னோட்டம் ஏறக்குறைய 10 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஜனவரி இரவில் இனித்த பெடல், அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடி அறையில் தொண்டை அடைத்த மாதிரி ஒலிக்கும். சிலிக்கானில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

வடபழனியில் என் அறையில் குறைந்த சத்தத்தில் பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி, மிட்டை (நடுத்தர ஒலிகளை) இறக்கி, அற்புதம் என்று நினைத்திருந்தேன். கல்லூரி மேடையில் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் என் கிட்டார் கேட்கவே இல்லை. மெல்லிய சத்தத்தில் நம் காதுக்கு பேஸ் குறைவாகவே எட்டும். அதை ஈடுகட்டப் போய், கிட்டார் வாழும் மிட் பகுதியையே காலி செய்திருந்தேன். அன்றிலிருந்து டோனை நடுவில் வைத்து, பேண்டோடு வாசிக்கும் சத்தத்தில்தான் திருகுகிறேன். கெயினை வேண்டிய அளவுக்கு ஏற்றி, பிறகு கொஞ்சம் இறக்கி, குறைந்த சத்தத்தை லெவல் குமிழில் ஈடுகட்டுகிறேன்.

இரைச்சல் கேட்டால் பெடலைக் குறை சொல்லுமுன் அடாப்டரைப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் முனகல் 100 ஹெர்ட்ஸாகவும் உள்ளே வரும். கெயின் அதையும் சேர்த்தே பெருக்கும். ஒரே அடாப்டரில் எல்லாப் பெடல்களையும் மாட்டியிருந்தால், டிஸ்டார்ஷனுக்கு மட்டும் 9 வோல்ட் பேட்டரி போட்டுக் கேளுங்கள். முனகல் அடங்கினால் அடாப்டரை மாற்றினால் போதும்.