பள்ளிக்கு முன்பே காதில் விழ வேண்டிய புத்தகத் தமிழ்

பேச்சு, மொழிப் பயிற்சிக்காக நாகர்கோவிலில் எங்களிடம் வரும் பெற்றோரில் பலர், எழுத்துத் தெரிந்த பிறகுதான் பிள்ளைக்குப் புத்தகம் தேவை என்று நினைக்கிறார்கள். கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே வாசித்துக் காட்டச் சொல்லிப் பெற்றோரை ஊக்கப்படுத்துமாறு, அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014-ஆம் ஆண்டில் மருத்துவர்களுக்குப் பரிந்துரைத்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது இன்னும் கூடுதலாகத் தேவை என்பது என் கருத்து.

தமிழில் பேச்சும் எழுத்தும் வெகுவாக விலகி நிற்கின்றன. குமரி மாவட்டத்து விளவங்கோட்டிலோ கல்குளத்திலோ மலையாளச் சாயல் கலந்த பேச்சைக் கேட்டு வளரும் குழந்தை, ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ போன்ற சொற்களைப் பெரும்பாலும் பாடநூலில்தான் முதலில் சந்திக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் சுமையோடு, காதுக்குப் பழகாத மொழியைப் புரிந்துகொள்ளும் சுமையும் அப்போது சேர்ந்துகொள்கிறது. இதற்காக வீட்டுப் பேச்சைத் திருத்த வேண்டியதில்லை. பாட்டி மலையாளம் பேசுவதால் குழந்தைக்குப் பேச்சுத் தாமதமாகும் என்று அஞ்சவும் வேண்டாம். இரு மொழி கேட்டு வளர்வது பேச்சுக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை.

வரியை எழுதியிருப்பதுபோலவே வாசித்துவிட்டு, அதையே வீட்டுப் பேச்சிலும் ஒருமுறை சொல்லுங்கள். ‘இது என்ன, அது என்ன’ என்று பரீட்சை வைப்பதைவிட, குழந்தை விரல் வைத்த படத்தில் நின்று, அது சொன்ன ஒற்றைச் சொல்லை நீட்டிச் சொல்வதே பயன் தரும். ‘வள்ளம்’ என்று அது சொன்னால், ‘ஆமா மக்களே, பெரிய வள்ளம், கடல்ல போகுது’ என்று சொல்லிவிட்டுச் சில நொடிகள் பேசாமல் காத்திருங்கள். பெரியவர்களுக்கு மிகக் கடினமாக இருப்பது இந்தக் காத்திருப்புத்தான். ஒரே புத்தகத்தையே திரும்பத் திரும்பக் கேட்டால் சலிக்காமல் வாசியுங்கள். சொற்கள் அப்படித்தான் படிகின்றன.

தந்தை வளைகுடா நாட்டில் இருந்தால், ஊருக்கு வரும்போது ஒரே புத்தகத்தில் இரண்டு பிரதிகள் வாங்கி ஒன்றை அவர் கொண்டுபோகலாம்; காணொலி அழைப்பில் அவர் வாசிக்க, இங்கே தாய் பக்கம் புரட்டலாம். ஆனால் தானாக ஓடும் கதைக் காணொலி இதற்கு மாற்றாகாது, ஏனெனில் அது குழந்தையின் பதிலுக்காக நிற்பதில்லை.

பதினாறு மாதமாகியும் ஒரு சொல்கூட வராவிட்டாலோ, இரண்டு வயதில் ‘அம்மா வா’ என்பதுபோல இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லாவிட்டாலோ, ‘அப்பனும் நேரங்கழிச்சுத்தான் பேசினான்’ என்று காத்திருக்காமல், முதலில் கேள்திறன் பரிசோதனை செய்துவிடுங்கள்.