பிழை காட்டாமல் ஏறிவிடும் சிஎஸ்வி கோப்பு

டெஸ்க்டாப் செயலி ஒன்றில் சிஎஸ்வி கோப்பை, அதாவது அட்டவணைத் தரவைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் உரைக் கோப்பை, உள்வாங்கும் வசதி வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலான நிரலாளர்கள் அதை அரை நாள் வேலை என்றே கணக்கிடுகிறார்கள். வரி வரியாகப் படித்து, காற்புள்ளி வரும் இடங்களில் வெட்டி, கிடைத்த துண்டுகளை அட்டவணையில் நிரப்பினால் வேலை முடிந்தது என்பது அவர்கள் கணக்கு. கையில் வைத்திருக்கும் சிறிய சோதனைக் கோப்பில் அது சரியாகவும் நடக்கும். வாடிக்கையாளரின் உண்மையான கோப்பு வந்து செயலி நின்றுபோனால்கூடக் கவலையில்லை, என்ன கோளாறு என்று அன்றே தெரிந்துவிடும். எந்தச் செய்தியும் காட்டாமல் தவறான தரவை ஏற்றிவிட்டு, பல வாரங்கள் கழித்துக் கணக்கு உதைக்கும்போது வெளிப்படுகிற கோளாறுகளே என்னிடம் அதிகம் வந்திருக்கின்றன.

எண், பெயர், குறிப்புரை, தொகை என்று நான்கு புலங்கள் கொண்ட இந்த ஒரு வரியைப் பாருங்கள்:

1042,"கண்ணன், மா.","""நாளை"" என்றார்",250.00

காற்புள்ளியில் வெட்டினால் இது ஐந்து துண்டுகளாகும். பெயர் இரண்டாகப் பிளந்து, தொகை இருக்க வேண்டிய நான்காம் இடத்தில் குறிப்புரை வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை எண்ணாக மாற்ற முயலும்போதாவது பிழை வரும் என்று நினைப்போம். ஆனால் மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டில், உரையை எண்ணாக மாற்றிப் பார்க்கும் டிரைபார்ஸைப் பயன்படுத்தியிருந்தால், மாற்ற முடியாதபோது அது பொய் என்ற விடையைத் திருப்பித் தந்துவிட்டு, மாறியில் பூச்சியத்தை வைத்துவிடும். அந்த விடையை யாரும் சோதிக்கவில்லையென்றால், 250 கொடுத்தவர் பெயரில் பூச்சியம் பதிவாகும். திரையில் எல்லாம் வெற்றிகரமாக முடிந்ததாகவே தெரியும்.

இந்த வடிவத்துக்கு எழுதப்பட்ட விதிகள் இருக்கின்றன. பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்த பிறகு, 2005 அக்டோபரில் வெளியான ஆர்எஃப்சி 4180 என்ற இணைய நெறி ஆவணம் அவற்றைத் தொகுத்தது. அது கட்டாயத் தரநிலையாக வரவில்லை, தகவல் ஆவணமாகத்தான் வந்தது. ஆகவே எல்லா மென்பொருளும் அதன்படி எழுதும் என்று நம்பிவிட முடியாது. காற்புள்ளியோ இரட்டை மேற்கோளோ வரிமுறிவோ உள்ள புலத்தை இரட்டை மேற்கோளுக்குள் அடைக்க வேண்டும், உள்ளே வரும் மேற்கோளை இரட்டிக்க வேண்டும் என்கிறது அது. இவற்றில் வரிமுறிவைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். முகவரியை இரண்டு வரிகளாகத் தட்டிய ஒருவரின் பதிவு கோப்பிலும் இரண்டு வரிகளாகவே இருக்கும்; வரி வரியாகப் படிக்கும் நிரல், பகுத்தல் தொடங்கும் முன்பே அந்தப் பதிவை உடைத்துவிடும். உரையில் வடிவங்களைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனை எவ்வளவு திறமையாக எழுதினாலும், கையில் கிடைப்பது பாதிப் பதிவுதான். எழுத்து எழுத்தாகப் படித்து, இப்போது மேற்கோளுக்குள் இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்று நினைவில் வைத்துக்கொள்ளும் பார்சர் என்ற பகுப்பு நிரல்தான் இதற்குச் சரிப்படும். அதை நாமே எழுதுவதைவிட, டாட்நெட்டின் டெக்ஸ்ட்ஃபீல்டுபார்சர், சிஎஸ்விஹெல்பர், பைத்தானின் சிஎஸ்வி மாட்யூல் போன்ற, பலர் கையில் அடிபட்டுத் தேறிய ஆயத்த நிரல்களை எடுத்துக்கொள்வதே நல்லது.

அடுத்தது எழுத்துக் குறியாக்கம், அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை. தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யூடிஎஃப்-8 முறையில் எழுதிய கோப்பின் தொடக்கத்தில் சில மென்பொருள்கள் பிஓஎம் என்ற மூன்று பைட் அடையாளத்தை இடுகின்றன. அதைக் கழற்றாமல் படித்தால், முதல் நெடுவரிசையின் தலைப்பு கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தும், அந்தப் பெயரில் நெடுவரிசை இல்லை என்று செயலி சாதிக்கும். மறுபக்கம், அந்த அடையாளம் இல்லாத கோப்பை எக்ஸெலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால், அது விண்டோஸின் பழைய குறியாக்கத்தில் படித்து, தமிழ் எழுத்துகளைக் குப்பையாகக் காட்டக்கூடும். எக்ஸெலில் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும், அதை எந்தப் பார்சராலும் மீட்க முடியாது. சேமிக்கும்போது சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்ற வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிப் பயனரிடம் முன்பே எச்சரித்துவிட வேண்டும். படிக்கும் பக்கத்திலும், பொருந்தாத பைட்டுக்கு மாற்றெழுத்தைப் போட்டு மழுப்பாமல், அந்த இடத்திலேயே பிழை எழுப்புமாறு குறியாக்கத்தை அமைப்பதே என் வழக்கம்.

தரவு வகையை ஊகிக்கும் பழக்கம் இவை எல்லாவற்றையும்விட மோசமானது. எண் போலத் தெரிவதால் எண்ணாக மாற்றினால், கணக்கு எண்ணின் முன்னால் இருந்த பூச்சியம் போய்விடும். 15 இலக்கங்களுக்கு மேல் எக்ஸெல் துல்லியம் காக்காததால், 16 இலக்க அட்டை எண்ணின் கடைசி இலக்கம் பூச்சியமாகும். மார்ச்1, செப்ட்2 என்ற மரபணுப் பெயர்களை எக்ஸெல் தேதிகளாக மாற்றிவந்தது ஊரறிந்த கதை. மரபணுப் பட்டியல்களை எக்ஸெல் கோப்பாக இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் மென்பொருளை விட்டுவிட்டு, மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள். ஆகவே எல்லாப் புலங்களையும் முதலில் உரையாகவே படித்து, எது எண், எது தேதி என்று நாம் அறிவித்த நெடுவரிசைகளை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றும்போதும் கணினியின் வட்டார அமைப்பை நம்பக் கூடாது. ஜெர்மன் அமைப்பில் காற்புள்ளிதான் தசமக் குறி என்பதால், 1.234 அங்கே ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்காகிவிடும். அங்கே உருவாகும் கோப்புகளில் புலங்களைப் பிரிப்பதும் பெரும்பாலும் அரைப்புள்ளிதான்.

எத்தனை பதிவுகள் வந்தன என்று எண்ணிப் பார்ப்பது அற்ப வேலையாகத் தோன்றலாம். ஆனால் 2020இல் இங்கிலாந்தின் பொது சுகாதார அமைப்பு, ஆய்வகங்கள் அனுப்பிய சிஎஸ்வி கோப்புகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்துக்கு மாற்றியபோது, 65,536 வரிகளுக்கு மேல் அதில் இடமில்லாததால், 15,841 கோவிட் தொற்றாளர்களின் விவரம் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டது. கோப்பில் இருந்தவை, ஏற்றியவை, தள்ளியவை என்ற மூன்று எண்ணிக்கைகளையும் திரையில் காட்டி, தள்ளிய ஒவ்வொன்றின் வரி எண்ணையும் காரணத்தையும் தனிக் கோப்பில் எழுதித் தர வேண்டும். முழுக் கோப்பும் ஒரே டிரான்ஸாக்ஷனில், அதாவது ஏறினால் முழுதாக, இல்லையேல் எதுவும் இல்லை என்ற முறையில் ஏறட்டும். பாதி ஏறிய கோப்பைப் பயனர் மறுபடி ஏற்றினால் இரட்டைப் பதிவுகள்தான் மிஞ்சும்.

கோப்பை எழுதும் பக்கத்திலும் ஓர் ஆபத்து உண்டு. =, +, -, @ ஆகியவற்றில் தொடங்கும் புலத்தை எக்ஸெல் சூத்திரமாக எடுத்துக்கொள்ளும் என்பதால், வெளியாள் ஒருவர் பெயர்ப் புலத்தில் தட்டிவைத்த சூத்திரம், அந்தக் கோப்பைத் திறக்கும் அலுவலரின் கணினியில் இயங்கக்கூடும். முன்னால் ஓர் ஒற்றை மேற்கோளைச் சேர்ப்பது வழக்கமான தடுப்பு. ஆனால் எல்லாப் புலங்களுக்கும் கண்மூடித்தனமாகச் சேர்த்தால் -250 என்ற தொகையும் உரையாகிவிடும். அதே கோப்பை நம் செயலியே மறுபடி உள்வாங்கும்போது அந்த மேற்கோள் தரவோடு ஒட்டிக்கொண்டு வரும். அதனால் விரிதாளில் திறப்பதற்கென்று தரும் கோப்பில், அதுவும் உரைப் புலங்களுக்கு மட்டும், இதைச் செய்கிறேன்; செயலிகளுக்கு இடையே போய்வரும் கோப்பை அப்படியே விட்டுவிடுகிறேன்.